பாசியில் டீசல்: ஒரு சில்பாலின் தொட்டியில் போட்ட கணக்கு

பாசியிலிருந்து டீசல் வருமா என்று கேட்டால், வரும். எங்கள் தொட்டியில் வளர்ந்த பாசியிலிருந்து எடுத்த எண்ணெயைச் சின்னக் குப்பியில் நானே பார்த்திருக்கிறேன். கரும்பச்சை நிறம், கருவாட்டு நெடி. அதை ஊற்றினால் டிராக்டர் ஒரு உறுமலாவது உறுமுமா என்பது சந்தேகம்தான். ஹெக்டேருக்கு ஒரு லட்சம் லிட்டர் என்று எந்த வீடியோவிலோ சொன்னதைக் கேட்டுவிட்டு, "தரிசு சும்மாதான் கெடக்குது, போடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

எங்களுக்கு வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கொஞ்சம் நிலம், மாடுகள், ஒரு கோபர் கேஸ், ஒரு போர்வெல். நான் தாவரவியல் படித்தவள். கொழுந்தன் டீசல் பம்ப் மெக்கானிக். இந்த யோசனை அவனுடையது. "அண்ணி, நீங்க பாசிய வளத்துக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். மாமியாருக்கு இது கடைசிவரை புரியவில்லை. "தொட்டில பாசி புடிச்சா தேய்ச்சிக் கழுவுவாங்க, இவங்க இன்னாடான்னா ஒரம் போட்டு வளக்கறாங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயம்தான்.

ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டர், அதாவது 18 சதுர மீட்டர் பாத்தி. செங்கல் அடுக்கி, மேலே சில்பாலின் ஷீட் விரித்து, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். மொத்தம் 3600 லிட்டர். நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் தண்ணீர் ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி சுற்றி வரும், அதைத் தள்ள ஒரு துடுப்புச் சக்கரம். இறால் பண்ணை ஏரேட்டரைப் பார்த்திருந்தால் புரியும், அதன் சின்னத் தம்பி. அரை குதிரைத்திறன் மோட்டாரில் கொழுந்தனே செய்தான். ஆழம் ஏன் இவ்வளவு குறைவு என்றால், தண்ணீர் பச்சையாக ஆனபின் வெயில் சில சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காது. கலக்கிக்கொண்டே இருந்தால்தான் எல்லாப் பாசிக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

விதைக்கு வேலூரில் ஒரு கல்லூரியில் கேட்டு, குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி வாங்கி வந்தோம். கோட்டை அகழியில்தான் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, ஒரு குடம் மொண்டு வந்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். தேங்கிய தண்ணீரில் தானாகப் பூக்கும் பச்சையில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் இருக்கலாம், அவற்றில் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். மாடு குடித்தாலும் ஆபத்து.

வளர்ந்ததைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. யூரியா, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், சோடா உப்பு போட்டதும் மளமளவென்று பச்சை ஏறியது. மாசி, பங்குனி வெயிலில் அது வளர்வதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இந்த ஆசைக்கு ஆதாரமும் உண்டு: 2007ல் யூசுப் சிஸ்டி எழுதிய ஒரு கட்டுரையில், பாசியின் எடையில் 70 சதவீதம் எண்ணெய் என்று வைத்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,36,900 லிட்டர் வரும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அதிலேயே பாமாயில் 5950 லிட்டர், காட்டாமணக்கு 1892 லிட்டர். வீடியோக்காரர்கள் சொல்லும் லட்சம் லிட்டரின் பூர்வீகம் இந்த மாதிரி எண்கள்தான்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அத்தனை எண்ணெய் வேண்டுமானால் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 48 கிராம் காய்ந்த பாசி கிடைக்க வேண்டும், அதுவும் வருடம் முழுக்க. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் வெட்டிப் பார்த்தார்கள். சில நாள் நன்றாகவே வந்தது, ஆனால் ஆண்டுச் சராசரி 10 கிராம் பக்கம்தான், குளிரில் வளர்ச்சி படுத்துவிட்டது. நமக்குக் குளிர் தொல்லை இல்லை, வெயில் தொல்லை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

70 சதவீத எண்ணெயும் அப்படித்தான். பாசி நன்றாகத் தின்று கொழுகொழுவென்று பெருகும்போது எண்ணெய் சேர்க்காது. தழைச்சத்தை நிறுத்திப் பட்டினி போட்டால்தான் எண்ணெய் சேரும், பட்டினி போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. ஆகவே நான் எப்போதும் 10 கிராம், 20 சதவீதம் என்றே கணக்குப் போடுகிறேன். அப்படிப் போட்டாலும் ஏக்கருக்கு ஆண்டுக்கு 3200 லிட்டர் பக்கம், ஹெக்டேருக்கு 7900 பக்கம் வருகிறது, பாமாயிலைவிட அதிகம், அதுவும் பயிர் விளையாத உவர் நிலத்தில். பாசியின் பெருமை பொய் இல்லை. தகராறு எல்லாம் அதைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதில் இருக்கிறது.

முதலில் தண்ணீர். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் தொட்டியில் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டர் இறங்கியது. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். 18 சதுர மீட்டருக்கு அது 144 லிட்டர், எட்டு குடம். ஒரு ஏக்கருக்குப் போட்டால் நாளைக்கு 32,000 லிட்டர், ஆவியாகிப் போவது மட்டும். நம் பக்கம் ஆண்டு மழை ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர், அதுவும் பாதிக்கு மேல் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இதில் இன்னொரு வம்பு, தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு ஆவியாகாது. மாதம் 4300 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றினால் 3600 லிட்டர் தொட்டியில் ஒரே மாதத்தில் உப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். எங்கள் போர் தண்ணீரே உப்புக் கலந்தது, சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான், பாசி வளர்ப்பவருக்கு அதைவிட உபயோகமான சாமான் கிடையாது.

வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் சுடும். மே மாதத்தில் மதியம் கையை விட்டால் வெந்நீர். குளோரெல்லாவுக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம், 40ஐ நெருங்கினால் வெளுத்துப் போய் அடியில் படிந்துவிடும். பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டினோம், பிழைத்தது. அதாவது வேலூர் வெயில்தான் மூலதனம் என்று ஆரம்பித்துவிட்டு அந்த வெயிலில் பாதியை வலை கட்டித் தடுத்தோம். ஐப்பசி மழையில் நேர்மாறு, தொட்டி நிரம்பி வழிந்து பாசி நீர்த்துப் போகும். ஓரத்தில் வழிந்தோட ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் துணி கட்டுங்கள்.

அப்புறம் விருந்தாளிகள். திறந்த தொட்டியில் நீங்கள் விரும்பும் பாசி மட்டும் வளராது. ஒரு நாள் காலையில் பச்சை குறைந்து பழுப்பாக இருந்தது, மறுநாள் தண்ணீர் கண்ணாடி. கல்லூரியில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது ரோட்டிஃபர், பாசியை மேயும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ஆட்டு மந்தை புகுந்த கொல்லை மாதிரி இரண்டே நாளில் மேய்ந்துவிட்டது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சுத்தமான விதைப்பாசி தனியாக எப்போதும் இருக்க வேண்டும், தொட்டி போனாலும் திரும்ப ஆரம்பிக்கலாம். கொசுப் புழுவுக்குக் கலக்கும் சக்கரமே மருந்து, ஓடும் தண்ணீரில் கொசு முட்டையிடாது. மின்சாரம் நிற்கும் நாட்களில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அறுவடை. இதுதான் விஷயமே. நன்றாக வளர்ந்த திறந்த தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் காய்ந்த பாசி இருக்கும். எங்கள் தொட்டி முழுவதையும் வடித்தால் 1.8 கிலோ. தினமும் பத்தில் ஒரு பங்கு எடுக்கலாம், அதாவது 360 லிட்டர் வடித்தால் 180 கிராம். வடிப்பது என்கிறேனே, குளோரெல்லா ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான் இருக்கும், வேட்டித் துணி, ஸ்கிரீன் பிரிண்டிங் துணி எதிலும் நிற்காமல் ஒழுகிவிடும். பெரிய இடங்களில் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வைக்கிறார்கள், அது குடிக்கும் கரண்ட்டுக்குத் தனிக் கணக்கு.

நாங்கள் படிகாரம் போட்டோம். அழகாகத் திரிந்து அடியில் உட்கார்ந்தது, ஆனால் அலுமினியமும் பாசியோடு சேர்ந்துவிடும், அதை மாட்டுக்குப் போட முடியாது. மாமியார்தான் "தேத்தாங்கொட்டை ஒரசி ஊத்து" என்றார். கலங்கல் தண்ணீருக்கு நம் பாட்டிகள் செய்தது. ஓரளவு வேலை செய்தது. முருங்கை விதையை இடித்துக் கரைத்து ஊற்றியது அதைவிட நன்றாக வேலை செய்தது, தொட்டித் தண்ணீரைத் திரும்ப உள்ளேயே விடவும் முடிந்தது. ஒரு டிரம்முக்கு ஒரு கைப்பிடி விதை, நன்றாகக் கலக்கி, பிறகு ஆட்டாமல் சில மணி நேரம். சின்ன அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

அடியில் உட்கார்வது பாசி இல்லை, பாசிக் கூழ். அதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழிந்து, எவ்வளவு முயன்றாலும் ஐந்தில் ஒரு பங்கு பாசி, நான்கு பங்கு தண்ணீர். இங்கேதான் கொழுந்தன் வாயடைத்துப் போனான், அவனுக்கு எரிபொருள் கணக்கு அத்துப்படி. ஒரு கிலோ காய்ந்த பாசி வேண்டுமானால் நான்கு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டரைச் சுடவைத்து ஆவியாக்க 2.6 மெகாஜூல் என்றால் நான்குக்கு 10க்கு மேல். அந்த ஒரு கிலோவில் இருக்கும் 200 கிராம் எண்ணெயை முழுசாக எரித்தாலே 7.5 மெகாஜூல்தான் கிடைக்கும். அடுப்பு வைத்துக் காயவைத்தால், காயவைக்கும் செலவே வரவை விழுங்கிவிடுகிறது. வேலூரில் வெயில் இலவசம் என்பதால் தகரத்தில் பரப்பிக் காயவைத்தோம். மெல்லிசாகப் பரப்பாவிட்டால் காய்வதற்குள் நாறிவிடும், ஈ மொய்க்கும், காற்றடித்தால் புழுதி. ஒரு கிலோவுக்கு இது சரிப்படும். ஒரு டன்னுக்கு எத்தனை தகரம் விரிப்பீர்கள்?

மொத்தக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். நாளைக்கு 180 கிராம் பாசி, அதில் 36 கிராம் எண்ணெய், மாதத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிராக்டரில் உழுதால் கால் மணி நேரம். அந்த எண்ணெய்க்காகப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரை வடித்திருப்போம். ஒரு நாள் எண்ணெயில் இருக்கும் சக்தி யூனிட்டில் சொன்னால் 0.37. துடுப்புச் சக்கரத்து மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் 3.7 யூனிட். கொடுப்பதைப் போலப் பத்து மடங்கு வாங்கிக்கொள்கிறது! மோட்டாரைச் சின்னதாக்கலாம், பெரிய குளத்தில் இந்த விகிதம் நிறையவே குறையும், அது வேறு. ஆனால் அதே 18 சதுர மீட்டரில் சோலார் பேனல் போட்டால் 3 கிலோவாட், நல்ல வெயில் நாளில் 12 யூனிட் கிடைக்கும். கொழுந்தன் இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் சுற்றினான்.

அந்தக் குப்பி எண்ணெய் கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் காய்ந்த தூளிலிருந்து ஹெக்சேன் என்ற கரைப்பான் வைத்து எடுத்தது. பச்சையமும் எண்ணெயோடு கரைந்து வந்துவிடுவதால்தான் அந்தக் கரும்பச்சை. அதை டீசலாக்க மெத்தனாலும் காரமும் சேர்த்து வினை நடத்தி, கிளிசரினைப் பிரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் டீசலுக்குப் பதில் சோப்பு வரும். இந்தக் கட்டத்தை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். ஆவியை முகர்ந்தாலும் தோலில் பட்டாலும் உடம்பில் ஏறும், வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும்.

பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். எக்ஸான்மொபில் 2009ல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கியது, 2023 தொடக்கத்தில் விலகிவிட்ட செய்தி வந்தது. அமெரிக்கக் கடற்படைக்குப் பாசி எரிபொருள் கொடுத்த சோலசைம் என்ற கம்பெனி, பிறகு உணவு எண்ணெய், அழகுசாதனம் என்று திரும்பி, பெயரையும் மாற்றி, 2017ல் திவாலானது. ஏன் திரும்பினார்கள் என்பது நம்மூர்க் கணக்கிலேயே தெரியும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஐந்து கிலோ காய்ந்த பாசி வேண்டும், டீசல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் கிலோ பாசிக்கு இருபது ரூபாய். அதே காய்ந்த பாசி சுருள்பாசியாக (ஸ்பைருலினா) இருந்தால் கிலோ பல நூறு ரூபாய்க்குப் போகிறது. சென்னையில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி சி.வி.சேஷாத்ரி காலத்திலிருந்தே கிராமத்துப் பெண்கள் செய்யக்கூடிய மாதிரி சுருள்பாசி வளர்ப்பை எளிமையாக்கிக் கொடுத்தார்கள். அது காரத்தன்மை அதிகமான தண்ணீரில் வளர்வதால் வேறு பாசி சுலபத்தில் புகாது, சூடும் தாங்கும், இழை இழையாக இருப்பதால் துணியிலேயே வடியும். எண்ணெய் மட்டும் ரொம்பக் குறைவு, அதை டீசலுக்கு வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஈரப் பாசியைக் காயவைக்காமலே 300 டிகிரிக்கு மேல் பெரிய அழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெய் ஆக்கும் முறை ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, காயவைக்கும் தலைவலி இல்லை. ஆனால் அது கொல்லையில் வைக்கும் சமாச்சாரம் இல்லை, ஆலையில் நடப்பது.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் வளர்த்தால் என்ன என்று ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள். பாசி குரோமியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உண்மை. பிடித்துக்கொண்ட பாசியை என்ன செய்வீர்கள்? அது குரோமியக் கழிவாகத்தான் இருக்கும், மாட்டுக்கும் ஆகாது, நிலத்துக்கும் ஆகாது. மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவுக் குவியல் ஒன்றே ராணிப்பேட்டைக்குப் போதும். சாக்கடைத் தண்ணீர், பால் பண்ணைக் கழுவு தண்ணீர் என்றால் கதை வேறு. கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இதைச் செய்து காட்டினார்: தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாசி தின்றுவிடும், அது விடும் ஆக்ஸிஜனில் பாக்டீரியா அழுக்கைத் தின்னும். தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் அங்கே வருமானம், பாசி கொசுறு.

நாங்கள் இப்போது செய்வதும் அந்த வழிதான். கோபர் கேஸிலிருந்து வெளியே வரும் கரைசலைச் சாக்கில் வடிகட்டி, பத்து மடங்காவது தண்ணீர் சேர்த்துத் தொட்டியில் விடுகிறோம். நீர்க்காமல் விட்டால் கறுப்பாக இருக்கும், வெளிச்சம் இறங்காது. யூரியா செலவு போயிற்று. திரியும் பாசிக் கூழைக் காயவைக்காமல், எண்ணெய் எடுக்காமல், ஈரமாகவே திரும்ப கோபர் கேஸில் ஊற்றுகிறோம். எல்லாமே ஈரத்தில் முடிந்துவிடுகிறது. பாசி மட்டும் ஊற்றினால் தழைச்சத்து மிகுந்து அமோனியா ஏறி கேஸ் குறையும், சாணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நாங்கள் சேர்ப்பதில்லை. குளோரெல்லாவின் தோல் கெட்டியானது, முழுசாகச் செரிக்காது. அதனால் அடுப்பு அதிக நேரம் எரிகிறது என்று பெருமை அடிக்க மாட்டேன், வித்தியாசம் கொஞ்சம்தான். வடித்த தண்ணீர் கத்திரிக்குப் போகிறது, அங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

கொழுந்தன் டீசலை விடவில்லை. பஜ்ஜிக் கடை, ஓட்டல் பழைய எண்ணெய் பக்கம் போய்விட்டான். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018 முதல் அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்குக் கொடுக்கச் சொல்கிறது, எண்ணெய் ஏற்கெனவே எண்ணெயாகவே இருக்கிறது, வடிக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம். அவன் சேகரித்து, உரிமம் உள்ள ஆலைக்குக் கொடுக்கிறான்.

பாசி யூனிட் போட்டுத் தருகிறேன், எண்ணெயை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது வந்தால் இதை மட்டும் கேளுங்கள்: சதுர மீட்டருக்கு நாளைக்கு எத்தனை கிராம், வருடம் முழுக்கவா, ஒரு நல்ல வாரத்திலா? எதை வைத்து வடிப்பது, அதற்குக் கரண்ட் எவ்வளவு? மே மாதத்தில் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்? கரியமில வாயு எங்கிருந்து? ஒரு கிலோ பாசிக்கு 1.8 கிலோ பக்கம் வேண்டும், காற்றில் இருப்பது போதாது. ஓடும் யூனிட் ஒன்றைக் கோடையில் காட்டச் சொல்லுங்கள், தை மாதத்தில் எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும்.

மாட்டுத் தீவனத்துக்கு ஏதாவது பச்சையாக வளர்க்க வேண்டும் என்றால் அசோலா போதும். அது பாசி இல்லை, பெரணி, கையால் அள்ளலாம், மோட்டார் வேண்டாம், பழைய சில்பாலின் ஷீட்டும் நிழலும் இருந்தால் ஆயிற்று. விதைக்கும் பயிற்சிக்கும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். எங்கள் ஊர் ஆட்கள் என்றால் வீட்டுக்கே வந்து ஒரு பக்கெட் அள்ளிக்கொண்டு போகலாம்.